சிவப்பு ஸ்வெட்டரும் ஒரு லட்சம் பேரும்

எங்கள் வீட்டு டிவிக்குள் ஒரு லட்சம் பேர் வந்து உட்கார்ந்த சனிக்கிழமையன்று எனக்கு எட்டு வயது. முந்தின நாள்தான் பிள்ளையார் சதுர்த்தி. தெருமுனைப் பந்தலில் ஒலிபெருக்கி விடிந்ததிலிருந்தே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. மீந்துபோன கொழுக்கட்டைகளைத் தட்டில் வைத்துக்கொண்டு அப்பா, அம்மா, சித்தி, நான், மாடியிலிருந்து இறங்கிவந்த ஓனர் ஆன்ட்டி ஆகிய ஐந்து பேரும் ஒரே ஓர் ஆளைத் தேடுவதற்காகத் தயாராக உட்கார்ந்திருந்தோம். நாங்கள் தேடிய ஆள் என் சித்தப்பா.

சித்தப்பா அப்பாவின் தம்பி, கம்ப்யூட்டர்காரர். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்ததும் ஒய்டூகே என்ற பூதம் வரப்போகிறது, உலகத்துக் கம்ப்யூட்டர்களையெல்லாம் விழுங்கப்போகிறது என்று எல்லோரும் நடுங்கிய காலத்தில், அதை விரட்டுவதற்காக அவரை மெல்போர்னுக்கு விமானம் ஏற்றி அனுப்பினார்கள். பூதம் வரவில்லை. சித்தப்பாவும் திரும்பி வரவில்லை. கம்பெனி வேறு வேலை கொடுத்து அங்கேயே வைத்துக்கொண்டது. கல்யாணமாகி இரண்டாவது மாதத்தில் போனவர். சித்தி விசாவுக்காக ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் வீட்டில் காத்திருந்தாள். விசா இதோ வருகிறது, அதோ வருகிறது என்று ஒரு கோடைக்காலம் போய் மழைக்காலமும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் குரல் வரும். முகம் வராது.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமையில்தான் சித்தப்பா அந்த மைதானத்தைப் பற்றிச் சொன்னார். அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் வீடே கேட்டது. அந்த ஊரில் ஒரு விளையாட்டு இருக்கிறதாம். பெயர் ஃபுட்பால்தானாம், ஆனால் கையாலும் பிடிக்கலாமாம், பந்து முட்டை மாதிரி இருக்குமாம். அதன் இறுதி ஆட்டத்துக்கு ஆபீஸ் நண்பர் ஒருவர் சித்தப்பாவுக்கும் ஒரு சீட்டு வாங்கிவிட்டாராம். நம்பர் போட்ட நாற்காலி.

"மதினி, நம்ம விருதுநகரையே அப்பிடியே தூக்கி உள்ள வச்சாலும் இன்னும் எடம் கெடக்கும். அம்புட்டுப் பெரிய மைதானம்" என்றார் அம்மாவிடம். பிறகு அப்பாவிடம், "அண்ணே, முப்பது வருசத்துக்கு முன்னால ஒரு பைனலுக்கு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல ஆளு வந்தாகளாம். இன்னைக்கு வரைக்கும் அதுதான் சாதனை. இனிமே யாரும் அத முறியடிக்கவே முடியாதாம்" என்றார்.

ஏன் முடியாது என்று அப்பா கேட்டார். பொதுத்துறை தொழிற்சாலையில் இன்ஜினீயர் அவர். முடியாது என்ற சொல்லைக் கேட்டால் காரணம் தெரிந்தாக வேண்டும்.

"அப்ப முக்காவாசிப் பேரு நெருக்கியடிச்சு நின்னு பாத்தாக. இப்ப எல்லா எடத்துலயும் நாக்காலி போட்டுட்டாக. உக்காந்தா அத்தன பேரு கொள்ளாதுல்ல?"

இதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஓடியோ குதித்தோ அல்ல, சும்மா வந்து நின்றே ஒரு சாதனை செய்ய முடியும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய செய்தி ஒன்றையும் சித்தப்பா சொன்னார். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் மொத்தம் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று ஸ்கோர் போர்டில் போடுவார்களாம். அதைப் பார்த்து வந்திருப்பவர்களே கை தட்டிக்கொள்வார்களாம். "அந்த நம்பர்ல ஒண்ணு நானு, பாத்துக்கோ" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அன்றிலிருந்து அந்த எண்ணின் கடைசி இலக்கம் என் சித்தப்பாதான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்தேன்.

ஒரு லட்சம் பேரில் அவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கவலை அம்மாவுக்கு வந்தது. சித்தி அதற்கு வழி வைத்திருந்தாள். அவர் புறப்படும்போது கோட்டி கடைவீதியில் ஸ்வெட்டர் விற்கும் நேபாளிகளிடம் பேரம் பேசி அவள் வாங்கிக் கொடுத்த சிவப்பு ஸ்வெட்டர் ஒன்று இருந்தது. "அதப் போட்டுட்டுப் போங்க. ஆம்பளையில எவுக செவப்பு போடப் போறாக? பளிச்சுன்னு தெரியும்" என்று தொலைபேசியில் சொன்னாள். எல்லோருக்கும் அது பிரமாதமான யோசனையாகத் தோன்றியது.

எங்கள் கேபிளில் அந்த சேனல் வராது. அப்பா நாலு நாள் கேபிள்காரர் பின்னால் அலைந்தார். "ஹவ் சார், டென்ஷன் நக்கோ", கவலையே வேண்டாம் என்று ஒவ்வொரு நாளும் சொல்லிவிட்டு, சனிக்கிழமை நாங்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் எங்கேயோ எதையோ திருகினார். திரை ஒரு முறை நடுங்கியது. மைதானம் வந்தது.

நான் அதுவரை பார்த்த பெரிய கூட்டம் ஹுசேன் சாகர் ஏரியில் பிள்ளையார் கரைக்கும் கூட்டம்தான். அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அது நகர்ந்துகொண்டே இருக்கும், ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். இது வட்டமாக, அடுக்கடுக்காக, கண்ணுக்கெட்டிய தூரம்வரை அசையாமல் உட்கார்ந்து, நடுவிலிருந்த பச்சையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. தேசிய கீதம் பாடியபோது அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். பாட்டு முடிந்து ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு ஓர் இரைச்சல் எழுந்தது பாருங்கள், எங்கள் டிவி ஸ்பீக்கர் கரகரவென்று அதிர, அப்பா ஓடிப்போய் ஒலியைக் குறைத்தார். நான் வாயில் வைத்த கொழுக்கட்டையை மெல்லவும் மறந்து உட்கார்ந்திருந்தேன். மனிதர்கள் சேர்ந்தால் இவ்வளவு பெரிதாக முடியுமா என்று பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அப்போதுதான் அம்மா, "என்னடி இது?" என்றாள் சித்தியிடம்.

மைதானம் முழுக்கச் சிவப்பு. ஓர் அணிக்குக் கறுப்பும் சிவப்பும், இன்னோர் அணிக்கு நீலமும் சிவப்பும். ஜெயிக்க வந்தவர்கள், தோற்க வந்தவர்கள் என்று இரண்டு பக்கமும் சிவப்புத் தொப்பி, சிவப்பு மஃப்ளர், சிவப்புக் கொடி, சிவப்பு ஸ்வெட்டர். சித்தி டிவிக்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஏதம்மா, எக்கட உன்னாடு மீ ஆயன?" என்று ஓனர் ஆன்ட்டி தெலுங்கில் கேட்டுக்கொண்டே இருந்தார், உங்கள் வீட்டுக்காரர் எங்கே என்று. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் கொடியை ஆட்டும்போதெல்லாம் அப்பா எங்களுக்கு விதிகளை விளக்கினார். ஒவ்வொரு முறையும் வேறு விதமாக விளக்கினார். ஆட்டத்தை யாரும் பார்க்கவில்லை. கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பினால் மட்டும் எல்லோரும் திரையை நோக்கிக் குனிந்தோம். சித்தி கண் கொட்டாமல் பார்த்தாள். ஒரு வருடமாகப் பார்க்காத முகம். இன்று விட்டால் எப்போதோ.

கடைசிப் பகுதியில் கேமரா ஒரு வரிசையை மெல்லத் தடவிக்கொண்டு போனது. சிவப்பு ஸ்வெட்டர் போட்ட, மாநிறமான, கண்ணாடி அணிந்த ஓர் ஆள் இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டினார். "சித்தப்பா! அதோ சித்தப்பா!" என்று நான் கத்தினேன். படம் மாறிவிட்டது. எல்லோரும் சித்தியைப் பார்த்தோம்.

"ஆமா, அவுகதான்" என்றாள் சித்தி.

அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். ஓனர் ஆன்ட்டி எனக்குத் திருஷ்டி கழித்தார். கொஞ்ச நேரத்தில் பலகையில் எண் வந்தது. லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, ஆனாலும் மூச்சடைக்கும் எண். அந்தக் கூட்டம் தன்னைத்தானே மெச்சிக் கை தட்டியது, நாங்களும் தட்டினோம். நான் கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்துத் தட்டினேன்.

மதியச் சோற்றுக்கு உலை கொதிக்கும்போது தொலைபேசி அடித்தது. சித்தி ஓடிப்போய் எடுத்தாள். நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் "ம்" மட்டும் கொட்டினாள். பிறகு மெதுவாக, "ஐயோ, அம்புட்டு நேரமுமா? காலு வலிக்கலையா உங்களுக்கு?" என்றாள். இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு, "நல்ல காரியந்தான் செஞ்சீக. நான் பாத்துக்கிருதேன்" என்று வைத்துவிட்டாள்.

"என்ன சொல்லுதான்?" என்று கூடத்திலிருந்து அப்பா கேட்டார்.

"நாம பாத்துட்டோம்ல அத்தான், அதான் ஒரே சந்தோசம் அவுகளுக்கு" என்றாள். பிறகு என் பக்கம் குனிந்து, "அந்த ஆளு எப்பிடிக் கைய ஆட்டுனாரு? இன்னொரு தடவ ஆட்டிக் காட்டு" என்றாள். ஆட்டிக் காட்டினேன். சிரித்துவிட்டு என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். என் தோள் ஈரமாகிவிட்டது.

பல வருடங்கள் கழித்து, படிப்பதற்காக நான் மெல்போர்ன் போனபோது சித்தப்பாவும் சித்தியும் அந்த மைதானத்தைக் காட்ட அழைத்துப் போனார்கள். வாசல் வரை போனோம். சித்தப்பா உள்ளே கூட்டிப்போகாமல் வெளியே இருந்த ஒரு மரத்தடியில் நின்று, "நான் பாத்தது இங்கருந்துதான்" என்றார். ஆட்டத்தன்று காலையில், சீட்டு வாங்கித் தந்த நண்பர் தன் அப்பாவோடு வந்தாராம். வெளியூரிலிருந்து சொல்லாமல் கிளம்பி வந்துவிட்ட பெரியவர். வாலிபத்தில், அந்த லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டத்தில் நின்று பார்த்தவராம். மகனைப் பார்த்தால் போதும், மைதானத்தை வெளியிலிருந்து ஒரு முறை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாராம். "அந்தக் கூட்டத்துல நின்ன மனுசன் வெளிய நிக்க, நான் உள்ள போயி உக்காரவா?" சீட்டை அவர் கையில் திணித்துவிட்டு, சிவப்பு ஸ்வெட்டரோடு மரத்தடியில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு இரைச்சலுக்கும் மரத்துப் பறவைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன என்று சொல்லும்போது அவர் குரல் இன்னும் தாழ்ந்தது. சித்தி பக்கத்தில் நின்று, முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் அன்று எனக்கு எங்கே தெரியும். அந்த மதியம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த சித்தியிடம், சித்தப்பாவுக்குத்தான் நம்பர் போட்ட நாற்காலி இருந்ததே, பிறகு கால் எப்படி வலிக்கும் என்று கேட்டேன்.

"ஆமால்ல" என்றாள் சித்தி. "எனக்கு மறந்தே போச்சு பாரு."

ஒரு லட்சம் பேர் உட்காரும் மைதானத்தில் நாற்காலி உண்டு என்பதுகூட நினைவில்லாத சித்தியை நினைத்து எனக்குச் சிரிப்பாக வந்தது.