கிரீடம் வச்சவரு

"கிரீடம் வச்சவரு வந்திருக்காரு! இன்னிக்குக் காலைலதான் எறங்கினாரு! வாங்க, வந்து பாருங்க!"

ஜூராகான் இப்படிக் கூவினால், சந்தைக்குப் புதிதாய் வந்தவர்கள் மந்திரி யாரோ வந்திருப்பதாக எண்ணித் திரும்பிப் பார்ப்பார்கள். வந்திருப்பது, தலையில் கிரீடம்போல் இதழ் விரிந்த மாதுளை. கல்யாணமான வருஷம் முதல் சந்தையின் கிழக்கு வாசலில் மாதுளை விற்கிற அவள், அந்தப் பழத்தின் பெயரை இதுவரை ஒரு முறையும் சொன்னதில்லை.

குற்றம் பழத்தின் மேல் இல்லை. அந்த ஊரில் மாதுளைக்கு அனார் என்று பெயர். அவளுடைய மாமனாருக்கு அனார்பாய் என்று பெயர். கிர்கீஸ் வீட்டு மருமகள் மாமனார் பெயரை நாக்கில் ஏற்றக் கூடாது; அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கும் சொல்லையும் ஏற்றக் கூடாது. இரும்பு, கல், புலி என்றெல்லாம் ஆண்கள் பெயர் வைத்துக்கொள்ளும் நாட்டில், மருமகள்கள் ஆளுக்கு ஒரு சொல்லை இழந்துதான் குடித்தனம் நடத்துகிறார்கள். மற்றவர்களுக்கு நஷ்டம் வீட்டோடு போயிற்று. இவளுக்கோ இழந்த சொல்லே பிழைப்பு.

மரியாதையும் பெயரோடு நின்றுவிடவில்லை. பழமே 'அவர்' ஆகிவிட்டது. "இவரு கொஞ்சம் புளிப்பு. அந்தப் பக்கம் உக்காந்திருக்காரு பாருங்க, அவரு தேனு." அழுகல் கண்டால், "இவருக்கு ஒடம்பு சரியில்ல" என்று பதமாக எடுத்துக் கீழே வைப்பாள். சாறு பிழியும் இரும்புப் பொறியின் கைப்பிடியை அழுத்துமுன் ஒரு கணம் தயங்குவாள். மன்னிப்புக் கேட்கிறாளா என்று யாரும் விசாரித்ததில்லை. குளிருக்கு முன்னால் மாதுளைச் செடிகளை வளைத்து மண்ணுக்குள் மூடிவைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஊரார், 'புதைக்கப் போறோம்' என்பார்கள். அவள் மட்டும், "அவருக்குப் போர்வ போத்தணும்" என்பாள்.

பக்கத்துக் கடை ரஹிம்ஜான் உலர்திராட்சை விற்கிற உஸ்பெக்.

"அக்கா, இன்னிக்கு ஒங்க மாமனார் கிலோ எவ்ளோ?"

"ஒன் நாக்கக் காயப்போட்டு வித்தேன்னா, திராட்சையவிட நல்ல வெலைக்குப் போகும்டா."

தினமும் இதே கேள்வி, இதே பதில். இது நடக்காதவரை சந்தை திறந்ததாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

நடுப்பகலில் அசல் அனார்பாய் வருவார். உயரமான வெள்ளைக் கம்பளிக் குல்லா இடது காதின் மேல் சரிந்திருக்கும். மருமகளுக்குத் தேநீர் ஆறிப்போகக் கூடாதென்று கெண்டியைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு, சந்தையின் முழு நீளத்தையும் நடந்து வருவார். வாலிபத்தில் மலைக்குள் யுரேனியம் தோண்டியவர். வெடிச் சத்தத்தில் பாதிச் செவி போயிற்று. மீதியை, பிடிக்காத பேச்சுக்கு மூடிக்கொள்ள அவரே பழகிக்கொண்டார். கூடத் தோண்டியவர்களில் பலர் இருமி இருமியே போய்விட்டார்கள். இந்த இலையுதிர் காலத்தில் அவரும் இருமத் தொடங்கியிருக்கிறார். அவர் இருமும்போது மட்டும் ஜூராகான் கையில் பொறியின் கைப்பிடி பாதியில் நின்றுவிடுகிறது.

இந்த நேரத்தில்தான் தலைநகரத்திலிருந்து டாக்டர் அய்பேரி வந்தார். சுரங்கக் கிழவர்கள் குளிர்காலம் முழுக்க மாதுளைச் சாறு குடித்தால் என்ன ஆகும் என்பது அவருடைய கேள்வி. உயிரணு ஒவ்வொன்றுக்குள்ளும் டிஎன்ஏ என்று ஓர் இழை இருக்கிறதாம். கதிர்வீச்சு அதை அறுக்குமாம். பழத்தின் சிவப்பில் இருக்கிற சத்து, அறுபடாமல் கொஞ்சம் காக்கலாமாம். ஒருவேளை. சாறு பிழிந்து தரும் பொறுப்பு ஜூராகானிடம் வந்தது.

"ஒருவேளைன்னா எத்தன டம்ளர், டாக்டரம்மா?"

"அதத்தான் கண்டுபிடிக்கணும், அக்கா. குடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ, குளிர் முடிஞ்சு ஒரு தடவ ரத்தம் பாக்கணும். மருந்துன்னு மட்டும் நெனச்சுடாதீங்க."

"நான் ஏன் நெனைக்கிறேன்? தான் மருந்தா இல்லையான்னு அவருக்கே தெரியும்."

எந்த அவர் என்று டாக்டர் வெகுநேரம் குழம்பினார்.

மாமனாரை அவள், அப்பா என்ற பொருளில், 'அத்தா' என்றுதான் கூப்பிடுவாள். அந்த அத்தா மசியவில்லை.

"என் பேர நானே குடிக்கிறதா? ஊரு சிரிக்கும்."

"ஊரு இப்பவே சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கு, அத்தா."

"அப்ப நீ மொதல்ல என் பேரச் சொல்லு, குடிக்கிறேன். சொன்னா நான் ஒண்ணும் உதுந்துட மாட்டேன், மருமகளே."

"நீங்க உதிர மாட்டீங்க. என் நாக்குதான் உதிரும்."

விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் சொல்லச் சொல்லப் பெயர் தேயும், பெயர் தேய்ந்தால் ஆளும் தேய்வார் என்று அவள் மனசாரவே நம்பினாள். இத்தனை வருஷம் பொத்திவைத்ததை, இருமல் தொடங்கிய நேரம் பார்த்தா தொடுவது?

ரத்தம் எடுக்கும் நாளில் அவரை எப்படியோ மருத்துவமனை வரைக்கும் கூட்டிவந்துவிட்டாள். காற்று வாங்குவதாகச் சொல்லி அவர் முற்றத்துக் கோடியில் பாப்லர் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே மற்ற எல்லாருக்கும் எடுத்தாகிவிட்டது.

"கடைசி ஆளு பேரு?" என்றாள் நர்ஸ். தலைநகரில் வளர்ந்த பெண். கனவுகூட ருஷ்ய மொழியில்தான் காண்பாள்.

ஜூராகான் கூடையிலிருந்து ஒரு மாதுளையை எடுத்து நீட்டினாள்.

"ஐயோ அக்கா, இதெல்லாம் நாங்க வாங்கறதில்ல."

இன்னொன்றையும் சேர்த்து நீட்டினாள். "இதுதாம்மா பேரு!"

"எத்தன குடுத்தாலும் பேரு வேணும், அக்கா."

பெஞ்சில் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்த கிழவர்கள் எல்லாருக்கும் அந்தப் பெயர் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊசி குத்திய இடத்தில், செலவில்லாமல் கிடைத்த வேடிக்கையை யார் கெடுத்துக்கொள்வார்கள்? கடைசியில் நர்ஸுக்கே புரிந்தது. ஆனால் ருஷ்ய மொழியில் புரிந்தது. அதில் மாதுளைக்கு கிரனாத் என்று பெயர். ஆண் பெயர்தானே என்று ஒரு 'பாய்' சேர்த்து, வாசலில் நின்று, "கிரனாத்பாய்! கிரனாத்பாய்!" என்று கூப்பிட்டாள். பெஞ்சு குலுங்கியது. மரத்தடி அசையவில்லை.

"இதுக்கு மேல முடியாது அக்கா. ரத்தத்த ஐஸ் பெட்டில வச்சு ஏத்தணும், வண்டி நிக்காது. அவரு இல்லாமயே ஆரம்பிச்சிருவோம்."

சிரிப்பு அடங்கிவிட்டது. ஒரு கிழவர் எழுந்து கூப்பிட வாயெடுத்தார். ஜூராகான் அவரைக் கையமர்த்திவிட்டு வாசலுக்கு வந்தாள். அத்தா தன் பெயரைக் கேட்டது இவள் வாயிலிருந்துதான். உதடு 'அ' என்று பிரிந்தது. மூடிக்கொண்டது. பிறகு, சந்தையின் மறுகோடிவரை போய்ப் பழகிய அந்தக் குரல் கிளம்பியது.

"கிரீடம் வச்சவரே! வாங்க!"

கிழவர் திரும்பினார். தினமும் கெண்டியும் கையுமாய்ச் சந்தைக்குள் நுழையும்போது அவர் கேட்கிற கூவல் அது. பழத்துக்கு என்றுதான் இத்தனை காலமும் சந்தை நினைத்துக்கொண்டிருந்தது.

எழுந்து, முற்றத்தைக் கடந்து, அவள் முன்னால் வந்து நின்றார். காதின் மேல் சரிந்திருந்த குல்லாவை இரண்டு கைகளாலும் எடுத்து நேராக வைத்தார். பிறகு இடக் கையை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, வலக் கையை டம்ளருக்காக மருமகளிடம் நீட்டினார்.