சோயா சாஸ் தின்று கொழுத்த கிருமிகள்

நடந்தது வரிசையாக இது:

1. கொச்சி, மட்டாஞ்சேரி ஹோட்டல் ஒன்றில் சில்லி சிக்கன் சாப்பிட்ட ஒரு பிரமுகருக்கு வயிற்றைக் கலக்கியது.

2. குற்றவாளி கோழியல்ல, அதில் ஊற்றிய சோயா சாஸ்தான் என்று அவர் தீர்ப்புச் சொன்னார்.

3. சுகாதார இன்ஸ்பெக்டர் அந்தச் சாஸில் ஒரு பாட்டிலை எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். கேட்டது ஒன்றுதான்: கெட்டுப்போயிருக்கிறதா?

4. எங்கள் தலைவர் வெளிநாட்டில் மூன்று மாதம் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர். கற்றதைக் காட்ட வழியில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்காத கேள்வியை எடுத்துக்கொண்டார்: இது மரபணுவைக் கெடுக்குமா, புற்றுநோயைத் தருமா?

5. எங்கள் தட்டுகளில் சாஸோடு வைத்த சோதனைக் கிருமிகள் எண்ண முடியாத அளவுக்கு வளர்ந்தன. எண்ணப் போனவள் நான். அறிக்கையில் முதல் கையெழுத்தும் என்னுடையது.

6. அறிக்கை தட்டச்சாகும் முன்பே, வியாபாரிகள் கூட்டமொன்றில் தலைவர் புற்றுநோய் என்ற சொல்லை மூன்று முறை உச்சரித்தார். மூன்றாவது முறை கைதட்டல் கிடைத்தது.

7. சாஸ் தயாரிக்கும் கொட்டகைக்குச் சீல் விழுந்தது. பத்து நாளில் சாஸ் ஊறும் பரணி ஜாடிகளைக் கவிழ்த்துவிட வேண்டும் என்று உத்தரவு.

கொட்டகை ஓர் இத்தாவுடையது; முஸ்லிம் அக்காவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். பாலக்காட்டிலிருந்து கல்யாணமாகி வந்த ராவுத்தர் வீட்டுப் பெண். சிங்கப்பூரில் சமையல்காரராக இருந்த கணவர் கற்றுவந்த வேலையை, அவர் இறந்த பிறகு இவர் தனியாக நடத்தினார். அவித்த சோயாவில் பூஞ்சை பிடிக்கவைத்து, உப்புநீரில் போட்டு, எட்டு மாதம் வெயிலில் வைக்க வேண்டும். இருபது பரணி. கவிழ்த்தால் அடுத்த சாஸ் வரும்வரை எந்த ஹோட்டலும் காத்திருக்காது. இத்தாவின் பிழைப்பு அதோடு முடிந்துவிடும்.

சுக்குக் கிடங்கின் மாடியில்தான் எங்கள் பரிசோதனைக்கூடம். உத்தரவு வந்த மறுநாள் காலை இத்தா படியேறி வந்தார். மூச்சு வாங்கியபடியே கேட்டார்.

"மோளே, எங்க சாஸைக் குடிச்சு உங்க கிருமி செத்துச்சா?"

"சாகல இத்தா. பெருகிடுச்சு."

"பெருகிச்சா? அப்போ நல்லாத் தின்னு கொழுத்திருக்கு. அதுக்கா எனக்குச் சீல்? எங்க வீட்டுப் பிள்ளைங்களும்தான் அதைத் தொட்டுக்கிட்டுச் சோறு தின்னு கொழுத்துக் கிடக்குதுங்க. அதுங்களையும் கூட்டிட்டு வரட்டா?"

சிரிக்கப் போனவள் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் சோதனை இப்படி: அந்தக் கிருமிகளுக்கு ஹிஸ்டிடின் என்ற ஒரு சத்தைத் தாமாகச் செய்துகொள்ளத் தெரியாது. அது இல்லாத தட்டில் அவை வளராது. சோதிக்கும் பொருள் அவற்றின் மரபணுவை மாற்றினால், சிலவற்றுக்கு அந்தத் திறமை திரும்பி வரும். அவை மட்டும் புள்ளிகளாக வளரும். புள்ளி கூடினால் சந்தேகம் கூடும். அதுவரை நாங்கள் சோதித்ததெல்லாம் சாயங்களும் பூச்சிமருந்தும். அவற்றில் சத்து எதுவும் கிடையாது. சோயா புளிக்கும்போதோ அதன் புரதம் உடைந்து அதே ஹிஸ்டிடின் சாஸில் ஏராளமாகச் சேர்ந்துவிடும். பட்டினி போட்டுச் சோதிக்க வேண்டிய கிருமிகளுக்கு நாங்களே பந்தி போட்டிருக்கிறோம். படித்தவர்கள் நாலு பேர் சுற்றி நின்று, அவை சாப்பிட்டதைப் புற்றுநோய் என்று எழுதியிருக்கிறோம்.

தட்டிலிருந்து கிருமிகளைப் பல்குச்சியால் தொட்டு, சாஸும் ஹிஸ்டிடினும் இல்லாத புதுத் தட்டில் வைத்தேன். உண்மையிலேயே மாறியவை என்றால் அங்கும் வளர்ந்திருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தட்டு காலி.

தலைவர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, புள்ளி ஏதாவது கிடைக்குமா என்று வெகுநேரம் தேடினார்.

"குட்டி, கூட்டத்துல சொன்னதை இனி நான் எப்படி விழுங்கறது?"

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் சார்."

ஐந்து நாள் விழுங்கினார். பிழை என்ற சொல்லை அறிக்கையில் போடக் கூடாது என்றார். போட்டால்தான் கையெழுத்திடுவேன் என்றேன். பிழை என்பதை 'முறைசார்ந்த போதாமை' ஆக்கினார். நான் அடித்துவிட்டுப் பிழை என்று எழுதினேன். மூன்று முறை தட்டச்சானது. அவருக்குப் பதவி இருந்தது. எனக்கு அந்தக் காலித் தட்டு இருந்தது. ஒன்பதாம் நாள் அறிக்கை 'பிழை'யோடு இன்ஸ்பெக்டரிடம் போனது. அன்றே சீலை உடைத்தார்கள்.

நகலை வாங்க இத்தா வந்தார்.

"புற்றுநோய் வராதுன்னு ஒரு வரி எழுதித் தா மோளே. கடையில ஒட்டிக்கிறேன்."

"அதை நாங்க பார்க்கல இத்தா."

"வரும்னு சொல்றதுக்கு மட்டும் பார்த்தீங்களா?"

நகலை உறையில் போட்டுக் கொடுத்தேன்.

இதை எழுதும்போது நிலைமை இது. பரணிகள் வெயிலில் இருக்கின்றன. சாஸ் வாங்கிக்கொண்டிருந்த ஐந்து ஹோட்டல்களில் இரண்டு திரும்பிவந்தன. மற்ற மூன்றும் பம்பாய் பாட்டில் வாங்குகின்றன. அதைச் சோதிக்க இதுவரை யாரும் அனுப்பவில்லை. சாஸிலிருந்து ஹிஸ்டிடினைப் பிரித்தெடுத்துவிட்டுச் சரியாகச் சோதிக்க ஒரு கருவி வேண்டும். கேட்டு எழுதியிருக்கிறோம், வரவில்லை. இத்தாவின் சாஸ் மரபணுவைக் கெடுக்குமா கெடுக்காதா என்பது எங்களுக்குத் தெரியாது.