பெயரில்லாத இரண்டு பேர்

அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு; அதில் இருபத்தாறு ஆண்டுகளை ஒரு மருத்துவமனையின் கணினி அறையில் கழித்தவர். எந்தக் கூட்டத்திலும், "ஒருவேளை படிவத்துல அந்தக் கட்டம் காலியா இருந்தா?" என்று கேட்டுவிடுவார். 'ஒருவேளை அக்கா' என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. வீட்டில் மகள்கூட அப்படித்தான் கிண்டல் செய்வாள்.

ஒரே நோயாளிக்குத் தவறுதலாக இரண்டு கோப்புகள் இருந்தால், அவற்றை ஒன்றாக்க ஒரு கணினி நிரல் எழுதியிருந்தார். அது பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எண் மூன்றையும் ஒப்பிடும். ஆரம்பத்தில், நிரப்பாத கட்டம் ஏதாவது குறுக்கிட்டால் பாதியிலேயே நின்று விழுந்துவிடும். அக்கா சரிசெய்தார்: இரண்டு கோப்பிலும் அந்தக் கட்டம் காலியாக இருந்தால், 'சமம்' என்று வைத்துக்கொண்டு மேலே போ. அதற்குப் பிறகு நிரல் விழவே இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு பேருந்து விபத்துக்கு மறுநாள் காலை, தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து செவிலியர் அழைத்தார்.

"அக்கா, நாலாம் கட்டிலுக்கும் ஒன்பதாம் கட்டிலுக்கும் ஒரே ஃபைல் வருது. ரெண்டு பேருக்குமே நினைவில்ல. பேரும் தெரியல."

"ரத்த வகை?"

"ஒண்ணுதான் இருக்கு. யாரோடதுன்னு புரியல. ஒன்பதுக்கு இப்பவே ரத்தம் ஏத்தணும்."

"ஏத்தாதீங்க சிஸ்டர்! ரெண்டு பேருக்கும் புதுசா டெஸ்ட் எடுங்க. ஃபைலை நம்பாதீங்க."

"அதான் ரத்தப் பையைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறேன்."

அக்கா நிரலை நிறுத்தினார். மேலாளர் வேகமாக வந்தார்.

"விழவே விழாதுன்னு சொன்னீங்களே?"

"விழல சார். விழுந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."



அக்கா அந்த ஒரு வரியை மாற்றினார். காலியும் காலியும் இனி சமம் இல்லை, 'தெரியாது'. அப்படிப்பட்ட கோப்பை ஒரு மனிதர் பார்த்த பிறகுதான் சேர்க்க முடியும்.

பிறகு மாடிக்குப் போனார். நான்காம் கட்டிலில் நரைத்த தாடிக்காரர். ஒன்பதில் காதில் கடுக்கன் போட்ட இளைஞர். பரிசோதனை முடிவு வந்திருந்தது. இருவருக்கும் வேறு வேறு ரத்த வகை. இளைஞருக்கு அவருக்குரிய ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

"இவங்க ரெண்டு பேரும் எப்படிக்கா ஒரே ஆளானாங்க?" என்றார் செவிலியர்.

"நான்தான் ஆக்கினேன்."

மதியம் இளைஞரின் அப்பா வந்து பெயரைச் சொன்னார். அக்காவே அதைக் கோப்பின் பெயர்க் கட்டத்தில் தட்டச்சு செய்தார். நான்காம் கட்டில்காரரின் பெயர்க் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

முன்பு இப்படிச் சேர்ந்துபோன கோப்புகள் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை முதல் அக்காவும் செவிலியரும் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரிக்க உட்காருகிறார்கள்.