ஏழு தடவை கொதித்த காரில் வவுனியாவிலிருந்து பேசாலைக்கு

பழைய கார் வைத்திருப்பவர்கள் மன்னார்ப் பக்கம் போவதாக இருந்தால் இதை முழுதாக வாசித்துவிட்டுப் புறப்படுங்கள். பழைய காரோடு ஒரு கணவரையும் வைத்திருப்பவர்கள் இரண்டு தடவை வாசியுங்கள்.

போன ஆவணியில் என் கணவருடைய அக்காவின் மகளுக்குப் பேசாலையில் கல்யாணம். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாதா கோவிலில் கல்யாணப் பூசை. எங்களிடம் 1953ஆம் ஆண்டு ஏ ஃபோர்ட்டி கார் ஒன்று இருக்கிறது. மாமாவின் காரில்தான் கோவிலுக்குப் போவேன் என்று பிள்ளை கேட்டாள், இவர் ஓம் என்றுவிட்டார். என்னையும் கேட்கவில்லை, காரையும் கேட்கவில்லை.

அந்தக் காரின் றேடியேற்றரில் ஒரு வருடமாகத் தண்ணீர் ஒழுக்கு. மாற்றுங்கோ, மாற்றுங்கோ என்று நானும் ஒரு வருடமாகக் கத்திக்கொண்டிருந்தேன். இவருடைய பதில் எப்போதும் ஒன்றுதான். அது காரோடு வந்த பித்தளை றேடியேற்றர், அதேபோல இன்னொன்று கிடைக்காது. கிடைப்பது ஜப்பான் வான் வண்டியின் றேடியேற்றர். அதைப் பொருத்துவதென்றால் காரின் முன்பக்க இரும்புச் சட்டத்தை இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் வெட்ட வேண்டும். வெட்டினால் வெட்டினதுதான். எழுபது வருடம் ஒருவரும் கை வைக்காத சட்டத்தில் தானா கை வைப்பது என்று கேட்பார். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

வியாழக்கிழமை காலை 6.10க்கு வவுனியாவிலிருந்து புறப்பட்டோம். மன்னார் நகரம் 78 கிலோமீற்றர், வான் வண்டியில் போனால் ஒன்றரை மணித்தியாலம். நாங்கள் போய்ச் சேர ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. பின் இருக்கையில் ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல்கள் ஆறு, கல்யாண உடுப்புகள், கல்யாண வீட்டுச் சமையலுக்கு நான் வறுத்து அரைப்பித்த மூன்று கிலோ கறித்தூள்.

முதல் கொதிப்பு பறயனாலங்குளத்தில், 7.05க்கு. இரண்டாவது மடுச் சந்தியில். இவர் இறங்கி மடு மாதா கோவில் இருக்கும் பக்கம் பார்த்துச் சிலுவை போட்டுவிட்டு றேடியேற்றர் மூடியைத் திறந்தார். அந்தப் பக்தியில் கால்வாசி மெக்கானிக் மேல் இருந்திருந்தால் நாங்கள் வீட்டிலேயே இதை முடித்திருக்கலாம். மூன்றாவது முருங்கனில், 8.55க்கு. அதற்குள் ஆறு போத்தலும் வெறும் போத்தல். வெறும் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு இவர் கட்டுக்கரை வாய்க்கால் பக்கம் நடக்க, நான் வெயிலில் காருக்குக் காவல் நின்றேன்.

நெல் மூட்டை ஏற்றின லொறி ஒன்று பக்கத்தில் நின்றது. அதன் சாரதி இறங்கி வந்து, ஒழுக்கைக் குனிந்து பார்த்து, இதெல்லாம் ஒரு விஷயமா என்றார். "ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் போடுங்கோ அக்கா. ஊறி ஓட்டையை அடைச்சுக்கொண்டிடும்." சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். என்னிடம் மஞ்சள் இல்லை. ஆனால் கறித்தூளில் மஞ்சள் இருக்கிறது. தனி மஞ்சளே அடைக்குமென்றால் மல்லி, மிளகாய், மிளகு, பெருஞ்சீரகம் எல்லாம் சேர்ந்தால் இன்னும் நன்றாக அடைக்கும் என்று தோன்றியது. தேக்கரண்டிக் கணக்கில் நான் எதையும் சமைத்ததில்லை. இரண்டு கை அள்ளி றேடியேற்றருக்குள் போட்டு மூடியை மூடினேன். இவர் வந்து தண்ணீர் ஊற்றினார். நான் வாய் திறக்கவில்லை.

ஒழுக்கு நின்றுவிட்டது. இரண்டு கிலோமீற்றர் நான் பெருமையோடு இருந்தேன். பிறகு சூடு காட்டும் முள் முன்னைவிட வேகமாக ஏறத் தொடங்கியது. உயிலங்குளத்தில் நான்காவது, தள்ளாடியில் ஐந்தாவது, மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்து வீதியின் நடுவில் ஆறாவது. இரண்டு பக்கமும் கடல், தலையைப் பிய்க்கிற காற்று, முன்னால் ஆவி. இவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, ஆரோ நல்ல கறி காய்ச்சுகினம் என்றார். அந்த இடத்தில் கொக்கைத் தவிர ஒருவரும் இல்லை. எனக்கு விளங்கிவிட்டது. விளங்கினதும் நான் செய்தது என்ன தெரியுமா? உங்கட பழைய றேடியேற்றராலதான் இவ்வளவும் என்று இன்னும் சத்தமாக ஏசினேன்.

நகரத்துக்குள் ஏழாவது தடவை நின்றபோது ஓட்டோக்காரர் ஒருவர் தாராபுரத்தில் றிஸ்வி நானா என்பவரிடம் போகச் சொன்னார், றேடியேற்றர் வேலை மட்டும் செய்பவர். 11.50க்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் றேடியேற்றரைக் கழற்றி மேல்வாயில் தண்ணீர்க் குழாயைப் பிடித்தார். கீழே நூல்போல மண்ணிறத் தண்ணீர் வந்தது. துரு நல்லா இறங்கியிருக்கு என்றார். துருவும் சுண்ணாம்பும் இறுகி அடைத்திருந்தால் கம்பி விட்டுக் குத்த முடியாது, உள்ளேயுள்ள மெல்லிய குழாய்கள் பிய்ந்துவிடும், மாற்றத்தான் வேண்டும் என்றார். வானின் றேடியேற்றர் ஒன்று அவரிடம் இருந்தது, 38,000 ரூபா. வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் பூட்டினால் பிறகு சிலாவத்துறையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார், ஞாயிறுதான் திறப்பார். யோசித்துவிட்டுக் காலையில் வரச் சொன்னார்.

தாராபுரத்திலிருந்து பேசாலை 13 கிலோமீற்றர், பஸ்ஸில் போனோம். மணப்பெண் காருக்குக் கட்ட வெள்ளை நாடாவைக் கத்தரித்து வைத்திருந்தாள். கார் வருமோ மாமா என்று கேட்டாள். வரும் என்றார்.  அன்று பின்னேரத்துக்குள் உண்மையைச் சொல்ல எனக்கு இருபது சந்தர்ப்பம் கிடைத்தது. ஒவ்வொரு தடவையும், இதோடு அந்தச் சனியன் மாறட்டும், எனக்கு நிம்மதி என்று என்னையே சமாளித்தேன்.

வெள்ளி காலை 7.45க்கு றிஸ்வி நானாவின் கராச் வாசலில் நின்றோம். அவர் சட்டத்தில் வெட்ட வேண்டிய இடத்தில் வெண்கட்டியால் கோடு போட்டிருந்தார். கடைசியாக ஒரு தடவை கேட்டார்.

"உள்ளுக்க ஏதாச்சும் போட்டீங்களா?"

"மாதா சத்தியமா ஒண்டும் போடேல்லை. பச்சைத் தண்ணி மட்டும்தான்" என்றார் இவர். பிறகு கோட்டைப் பார்த்தபடியே நின்று சொன்னார்: "வெட்டுங்கோ நானா. இவ பாவம், நேற்று முழுக்க வெயிலுக்க நிண்டவ. இனியும் இந்தக் காரால இவவுக்குக் கரைச்சல் வேண்டாம்."

ஒரு வருடமாக நான் சண்டை பிடித்துக் கேட்டது கையில் கிடைத்துவிட்டது.  நானா இரும்பு வெட்டும் கிறைண்டரின் வயரைச் சொருகினார்.

"நிப்பாட்டுங்கோ நானா" என்றேன். "நான் கறித்தூள் போட்டனான்."

எவ்வளவு என்று கேட்டது இவர் இல்லை, றிஸ்வி நானா. இரண்டு கை என்றேன். அவர் சிந்திக் கிடந்த தண்ணீரை விரலால் தொட்டு மோந்து பார்த்தார். "நான் துரு எண்டெல்லோ நினைச்சன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றார், தோள் குலுங்கியது. தூள் என்றால் இறுகாது, கம்பி விடலாம். மேல் தொட்டியின் ஈயத்தை இளக்கித் திறந்து, சலவைச் சோடா கரைத்த தண்ணீரைச் சுடச்சுட ஊற்றி, குழாய் குழாயாகக் குத்தி எடுத்தார். நான் வறுத்த தூள் களியாக வந்து விழுந்தது. பழைய ஒழுக்குக்கும் ஈயம் வைத்தார். 11.20க்கு கார் ஓடியது. கூலி 9,500 ரூபா.

"முதலே சொல்லியிருக்கலாமே" என்றார் இவர். அவ்வளவுதான். சனிக்கிழமை வீட்டிலிருந்து கோவிலுக்கு ஒன்றேகால் கிலோமீற்றர், வெள்ளை நாடா காற்றில் அடிக்க அடிக்கக் கார் போனது. முள் பாதிக்கு மேல் ஏறவில்லை.

இனி உங்களுக்கு. வெயில் ஏறமுன் பாலத்தைத் தாண்டுங்கள். அதற்கு வவுனியாவிலிருந்து நாலரைக்குப் புறப்பட வேண்டும். நல்ல தண்ணீர் ஐம்பது லீற்றராவது கொண்டுபோங்கள், தீவின் பல கிணறுகளில் உவர், அது றேடியேற்றரை அரித்துவிடும். வெள்ளிக்கிழமை வேலை இருந்தால் காலை எட்டு மணிக்கு முன் போய் நில்லுங்கள். றேடியேற்றருக்குள் தண்ணீரைத் தவிர ஒன்றும் போடாதீர்கள். போட்டால் கேட்கிறவரிடம் சொல்லுங்கள், பக்கத்தில் நிற்பவர் சத்தியம் பண்ணமுன் சொல்லுங்கள்.

றேடியேற்றரை மாற்றுவதா இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை. குழாய்கள் தேய்ந்துவிட்டன, இரண்டு வருடம் தாங்கினால் பெரிய விஷயம் என்று நானா சொல்லித்தான் விட்டார். திங்கட்கிழமை திரும்பி வரும்போது இவர் கேட்டார்: "இஞ்சேரும், இப்ப சொல்லும். மாத்துவமோ?" குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். ஏசியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பி ஏசி, மாற்றுங்கோ என்று பழையபடி கத்தியிருப்பேன். இந்த மனிதர் ஏசவே இல்லை. ஓடுற மட்டும் ஓடட்டும் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டியதாகிவிட்டது.