தொட்டில் கட்டிய மரம்

வானத்தில் வால் நட்சத்திரம் தெரிந்து, உலகம் அழியப்போகிறதென்று ஊரே ஆட்டை அடித்துத் தின்று தீர்த்ததே, அதற்கு மறு வருசம். உலகம் அழியவில்லை, ஆடுதான் மிச்சமில்லை. அது கிடக்கட்டும்.

பாபநாசத்துக்கு மேலே மலையில் மாமா காப்பித் தோட்டம் போட்டிருந்தார். நாங்களோ சேரன்மகாதேவியில் நெல்லைத் தவிர வேறறியாத குடும்பம். “நெல்லு வெளையாத எடத்துல என்னலே வேல? இந்த வருசம் காய்க்கலைன்னா எறங்கி வந்துரணும்” என்று தாத்தா கெடு வைத்துவிட்டார். காய்த்தால், தோட்டத்துக்கு மேலே நின்ற காட்டையும் வெட்டிச் செடி வைக்க மாமாவுக்கு எண்ணம்.

நாங்களும் மேலே போயிருந்த நேரம், கோடை மழை ஒன்று பெய்தது. சில நாளில் தோட்டமே வெள்ளை வெளேரென்று பூத்தது, மல்லிகை வாசம். காட்டிலிருந்து தேனீக்கள் இரைந்துகொண்டு வந்து இறங்கின. வயலில் முற்றிய கதிரில் கிளி இறங்கினால் என்ன செய்வோம்? அதையே செய்தோம்.

“ஏலே, தட்டுங்கலே! பூவுல உள்ள சத்தெல்லாம் உறிஞ்சிட்டுப் போவுது!” என்று மாமா கத்தினார்.

பிள்ளைகள் தகரம் தட்டி ஓட, பெரியவர்கள் பச்சை இலையில் புகை மூட்ட, ஒரே கொண்டாட்டம். காட்டோரத்தில் மட்டும் அத்தை விளக்குமாற்றோடு வழிமறித்தாள். அங்கே மரத்தில் தொட்டில். ராத்திரியெல்லாம் அழுத அவள் கைக்குழந்தை அப்போதுதான் அசந்திருந்தது.

“இங்கன வந்து தட்டுனீயன்னா, பொழுதன்னைக்கும் பிள்ளைய நீங்களே வச்சுக்கிடணும்!”

“தேனீ கொட்டிராதாட்டீ?” என்றார் மாமா.

“பூவு இருக்கையில அதுக்குப் பிள்ள எதுக்கு?”

“பைய வாங்கலே, நாம கீழயே தட்டுவோம்” என்று மாமா இறங்கிவிட்டார். பூ உதிரும்வரை அத்தை யாரையும் மேலே விடவில்லை.

மார்கழியில் கீழ்ச் செடிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காய். தொட்டிலைச் சுற்றியோ கொத்துக் கொத்தாய்ச் சிவந்து, கிளை தரையைத் தொட்டது. தாத்தா மலையேறி வந்து பார்த்தார். “பிள்ள ராசிலே இது! அவ தூங்குத நெழலு, அந்தக் காட்டுல எவனும் கைய வைக்கப்படாது” என்றார். இறங்கி வரச் சொன்ன பேச்சையே காணோம்.

மறு பூவுக்கு, நடந்து திரிகிற பிள்ளையைப் பிடித்துத் தோட்டத்து நடுவே தொட்டிலில் போட்டார்கள். அவள் தூக்கம் கலையுமென்று யாரும் மூச்சுக்கூட விடவில்லை. தகரமேது? தோட்டம் முழுக்கக் காய்த்தது.

அந்த ராசிக்காரியை வெளியே விடக்கூடாதென்று பின்னால் எனக்கே கட்டி வைத்தார்கள். எந்தச் சண்டையும், “எம் ராசியிலதான் இந்தத் தோட்டமே!” என்பதில்தான் முடியும்.

பூத்தூளைப் பூவுக்குப் பூ கொண்டுபோய்க் காயாக்கியது அந்தத் தேனீ, அதற்கு வீடு அந்தக் காடு என்பதெல்லாம் தகரம் தட்டிய வயசில் எனக்குத் தெரியாது. மலையில் தோட்டம் போடுகிறவர் யாரைக் கண்டாலும் சொல்லுங்கள், பக்கத்துக் காட்டை விட்டுவைக்கட்டும். என் வீட்டுக்காரி காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள். இந்த வயசில் ராச்சோற்றுக்கு நான் எங்கே போவேன்?