நாங்கள் சேர்ந்து வைத்த சலூன்

அப்பா இறந்த செய்தி வந்தபோது நான் சிங்கப்பூரில் ஒரு கட்டடத்தின் பதினோராவது மாடியில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். டிக்கெட் கிடைத்து, திருச்சியில் இறங்கி, கந்தர்வக்கோட்டையைத் தாண்டி எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுத் திரும்பிப் போக மனம் வரவில்லை. இருந்துவிட்டேன்.

ஒன்பது வருடம் வெளியில் இருந்தவனுக்கு ஊரில் ஆள் இல்லை. என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் நான் விட்டுவந்த அதே சிங்கப்பூரில் இருந்தார்கள். மீதிப் பேர் திருப்பூரில். அக்காவைக் கீரனூரில் கட்டிக்கொடுத்திருந்தது. யாராவது ஒயரிங் வேலைக்குக் கூப்பிட்டால் போவேன். மற்ற நாட்களில் சாயங்காலம் பைக்கை எடுத்துக்கொண்டு கந்தர்வக்கோட்டைக்குப் போய், ஒரு டீயை வாங்கி அரை மணி நேரம் குடிப்பேன். யாரோ யாரிடமோ பேசிக்கொண்டிருப்பது காதில் விழும். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் போனேன் என்று இப்போது சொல்ல முடிகிறது.

டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் கண்ணாடியில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சமூக மாற்றத்துக்காக இளைஞர்கள் கூடி வேலை செய்யும் ஓர் இயக்கம், ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் தையல் கடை மாடியில் கூட்டம், எல்லோரும் வரலாம் என்று எழுதியிருந்தது. சமூக மாற்றம் என்ற வார்த்தை என்னை ஒன்றும் செய்யவில்லை. எல்லோரும் வரலாம் என்பதைத்தான் இரண்டு தடவை படித்தேன்.

மாடியில் பிளாஸ்டிக் பாய் விரித்து இருபது பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஒருவரையொருவர் தோழர் என்று அழைத்தார்கள். தனியார் பள்ளியில் கணக்கு எடுக்கும் ஒரு பெண்தான் ஒருங்கிணைப்பாளர். அவர் தலைவர் இல்லை, அந்த இயக்கத்தில் தலைவர் என்று யாரும் கிடையாது. இரண்டு விதிகள்தான் இருந்தன. கூட்டத்துக்கு வந்த ஒவ்வொருவரும் ஒரு முறையாவது பேச வேண்டும். எல்லோரும் ஒத்துக்கொள்ளாமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

முதல் நாள் என் முறை வந்தபோது ஒருங்கிணைப்பாளர் என்னைப் பார்த்து, "நீங்க என்ன நெனைக்கிறீங்க தோழர்?" என்று கேட்டார். ஏரிக்கு வரும் வாய்க்காலை எப்போது சுத்தம் செய்வது என்பதைப் பற்றிய கேள்வி, அவ்வளவுதான். ஒன்பது வருடத்தில் என்னிடம் வேலை சொன்னவர்கள் உண்டு. என்ன நினைக்கிறாய் என்று கேட்டவர்கள் இல்லை. அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதிக்கொடுத்தோம். வாய்க்காலில் மண்டிக்கிடந்த கருவேல முள்ளை வெட்டினோம். திங்கட்கிழமை கையெல்லாம் கீறலோடு அம்மா முன்னால் சாப்பிட உட்காரும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அந்தக் கூட்டத்தில் எங்கள் ஊர்க்காரர் இன்னொருவர் இருந்தார். ஊருக்குத் தெற்கே காலனியைச் சேர்ந்தவர். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவர் என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. ஆனால் ஒரே ஊரில் பிறந்த நாங்கள் முதல் முறையாகப் பேசிக்கொண்டது அந்தத் தையல் கடை மாடியில்தான்.

ஒரு ஞாயிறு, அவரவர் ஊரில் மாற வேண்டிய ஒன்றைச் சொல்லச் சொன்னார்கள். நான் எரியாத தெருவிளக்கைச் சொன்னேன். அவர் முறை வந்தது.

"எங்க ஊர் சலூன்ல எங்காளுகளுக்கு முடி வெட்ட மாட்டாங்க தோழர். நான் இங்கிட்டு வந்துதான் வெட்டிக்கிறேன். எங்க அப்பாவும் அப்படித்தான்."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். அந்த சலூனில்தான் சின்ன வயதிலிருந்து நான் முடி வெட்டிக்கொள்கிறேன். வெளியே கிடக்கும் பெஞ்சில் எத்தனையோ மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். அந்த பெஞ்சில் யாரெல்லாம் உட்காரவே இல்லை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

நாங்கள் இருவரும் சேர்ந்து அந்தக் கடைக்குப் போக வேண்டும் என்று பேச்சு வந்தது. எல்லோரும் சரி என்றார்கள். நான் மட்டும் மிச்சம். ஒரு வாரம் யோசிக்க வேண்டும் என்றேன், கொடுத்தார்கள். அந்த வாரம் முழுக்க யாரும் போன் செய்து வற்புறுத்தவில்லை. அடுத்த ஞாயிறு நான் சரி என்றேன். அநியாயத்தைப் பார்த்துக் கொதித்துப்போய்ச் சொன்னேன் என்றால் அது பொய். மறுத்தால் இவர்கள் முகத்தில் விழிக்க முடியாது, ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போய்விடும் என்ற பயம்தான் அதில் பெரிய பங்கு.

காலை ஒன்பது மணி இருக்கும். சலூனுக்குள் நாற்காலியில் ஒருவர் சவரம் செய்துகொண்டிருந்தார். பெஞ்சில் என் பெரியப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்தேன். லோடு ஆட்டோத் தோழர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரியப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, எங்கள் இருவரையும் ஒரு முறை பார்த்துவிட்டு எழுந்து போனார்.

நாற்காலியில் இருந்தவர் முடித்துக்கொண்டு போனதும் நான் எழுந்து, "அண்ணே, மொதல்ல இவருக்கு வெட்டிவிடுங்க" என்றேன். சலூன்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சீப்பை மேசையில் வைத்தார். அவர் வாசலைப் பார்த்தார். அதற்குள் எதிர் வீட்டு வாசலில் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்னால முடியாது தம்பி. போயிருங்க" என்றார். பிறகு தோழரைப் பார்த்து, "நீங்களும் போயிருங்கய்யா" என்றார். நாங்கள் வெளியே வந்ததும் ஷட்டரை இழுத்துவிட்டார்.

இயக்கத்தில் மனு எழுதினோம். தாலுகா அலுவலகத்தில் பேச்சுவார்த்தை நடந்தது. இனி யாருக்கும் மறுக்க மாட்டேன் என்று சலூன்காரர் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். நாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்தோம். குழுவின் வாட்ஸ்அப்பில் கைதட்டும் படங்கள் வந்தபடி இருந்தன.

நாலாம் நாள் சலூன்காரரைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். பெரிய பையோடு நின்றிருந்தார். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து தெருவில் ஒருத்தரும் கடைக்கு வரவில்லை, திருப்பூரில் மகன் வீட்டுக்குப் போகிறேன், இனி வர மாட்டேன் என்றார். பையைக் கையில் வாங்கிக்கொண்டேன். அவரே பேசினார்.

"ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல தம்பி. கையெழுத்துப் போட்டதுலயும் வருத்தமில்ல. ஆனா கடைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் வந்து, நீங்க என்னண்ணே நெனைக்கிறீங்கன்னு என்னைய ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்ல? அந்தத் தெருவும் கேக்கல, நீங்களும் கேக்கல."

அதை அப்படியே ஞாயிற்றுக் கூட்டத்தில் சொன்னேன். ஒருங்கிணைப்பாளர் கூட்டக் குறிப்பில் அதைச் சலூன்காரர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதினார்.

ஊரில் சலூன் இல்லாமல் போனதற்குக் காரணம் நான் என்றாயிற்று. யாரும் சண்டைக்கு வரவில்லை. திட்டவில்லை. பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். மளிகைக் கடையில் கேட்டதை எடுத்து வைப்பார்கள், கண்ணைப் பார்க்க மாட்டார்கள். ஒயரிங் வேலைக்குக் கூப்பிடுவது நின்றது. பெரியப்பா வீட்டில் பேத்திக்குக் காது குத்தினார்கள். பந்தல் போட்டது எங்கள் வாசலிலிருந்து தெரியும். எங்களுக்கு அழைப்பு இல்லை. அன்று மத்தியானம் அம்மாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டோம். மைக்கில் யார் யார் மொய் எழுதினார்கள் என்று ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா அதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அன்று சாப்பிட்டு முடித்துக் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நூறு நாள் வேலைல எல்லாரும் ஒரு மரத்தடில சாப்புடுறாளுக. நான் போனா எந்திரிச்சு அங்கிட்டுப் போயிர்றாளுக. நீ ஞாயித்துக்கெழமையானா ஒரு எடத்துக்குப் போயி நாலு பேரப் பாத்துட்டு வந்துர்ற. நான் எங்கய்யா போறது?"

அம்மாவையும் நான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தையல் கடை மாடியில் இருபது பேரிடம் சம்மதம் வாங்கினோம். என்னோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவளிடம் வாங்கவில்லை.

ஊருக்கு வெளியே மெயின் ரோட்டில், பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் நாமே ஒரு சலூன் வைத்தால் என்ன என்ற யோசனை கூட்டத்தில் வந்தது. கூட்டுறவாக நடத்துவது, யார் வந்தாலும் வந்த வரிசைப்படி வெட்டுவது. இந்த முறை முடிவெடுக்க ஆறு ஞாயிறுகள் ஆயின. திருப்பூருக்குப் போன் செய்து அந்தச் சலூன்காரரையும் கேட்டோம். அவர் வர மறுத்துவிட்டார், ஆனால் நாற்காலி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று சொன்னார். இயக்கத்தில் கறம்பக்குடிக்காரர் ஒருவர் சென்னையில் சலூன் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். அவர் கடையை நடத்த ஒத்துக்கொண்டார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேலை எடுத்துக்கொண்டோம். ஒயரிங் முழுக்க என்னுடையது. மூன்று நாள் தனியாக நின்று செய்தேன். சிங்கப்பூரில் எத்தனையோ மாடிக்கு விளக்கு போட்டிருக்கிறேன். ஒன்றையாவது எரிகிறபோது நின்று பார்த்ததில்லை. இங்கே சுவிட்சைப் போட்டுவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதுக்கோட்டையிலிருந்து கண்ணாடியை ஏற்றி வர லோடு ஆட்டோவில் தோழரோடு நானும் போனேன். திரும்பும் வழியில், என்னோடு ஊரில் யாரும் பேசுவதில்லை, நாலு மாதமாகிறது, தாங்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் வண்டியை ஓட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ரொம்ப நிதானமாகச் சொன்னார்.

"கஷ்டந்தான் தோழர். இல்லைங்கல. ஆனா எங்க அப்பாவுக்கு அறுபத்தஞ்சு வயசாகுது. அந்தத் தெருவுல ஒருத்தரும் அவருகூட ஒக்காந்து பேசினதே இல்ல. அவரு யாருகிட்டப் போயிச் சொல்லுவாரு?"

அதில் கோபம் இல்லை. பிறகு கண்ணாடி பத்திரமாக இருக்கிறதா பாருங்கள் என்று என்னைத் திரும்பிப் பார்க்கச் சொன்னார். நான் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தேன். அவரை என் நண்பர் என்று நினைத்திருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் என் தனிமையை இறக்கி வைக்கிற இடம் அவர் இல்லை என்று அன்று புரிந்தது. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் எந்தப் பக்கத்திலும் சேராமல் நிற்பது போலிருந்தது.

கடை திறந்த முதல் மாதம் எங்கள் தெருவிலிருந்து ஓர் ஆள்கூட வரவில்லை. இரண்டாவது மாதம் கல்லூரிக்குப் போகிற இளவட்டங்கள் வர ஆரம்பித்தார்கள். காரணம் எங்கள் மனுவோ கூட்டமோ இல்லை. பக்கவாட்டில் ஒட்ட வெட்டி மேலே மட்டும் முடி விடும் வெட்டு கறம்பக்குடிக்காரருக்கு நன்றாக வரும், அதுதான். காலனிப் பிள்ளைகளும் எங்கள் தெருப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதற்காகத்தான் இவ்வளவும் என்று நினைக்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், வேறென்னவோவும் வரும். கூட்டத்தில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்குள் அம்மா கீரனூருக்குப் போயிருந்தாள். பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று அக்கா வீட்டுக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். அங்கே பக்கத்து வீட்டுப் பெண்கள் சாயங்காலம் வந்து பேசுகிறார்களாம். போனில் அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த தெம்பைக் கேட்டபின் திரும்பி வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அம்மாவுக்குத் துணையாக இருக்கத்தான் நான் ஊரில் தங்கினேன். இப்போது அம்மா அங்கே, நான் இங்கே. ஒரு டம்ளர் அரிசி போட்டால் இரண்டு வேளைக்கு வருகிறது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சலூனில் ஃபேன் ஓடவில்லை என்று கூப்பிட்டார்கள். ஸ்டூலில் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது பெரியப்பா உள்ளே வந்தார். பக்கத்து ஊருக்குப் போய் வெட்டிக்கொண்டிருந்தவர். முழங்கால் வலி, பஸ் ஏற முடியவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். பெஞ்சில் லோடு ஆட்டோத் தோழரின் அப்பா உட்கார்ந்திருந்தார். வேறு இடம் இல்லை. பெரியப்பா கொஞ்ச நேரம் நின்றார். தோழரின் அப்பா நகர்ந்து இடம் விட்டார். பெரியப்பா உட்கார்ந்தார். இருவரும் ரோட்டைப் பார்த்தபடி இருந்தார்கள். தோழரின் அப்பா முதலில் வெட்டிக்கொண்டார். அடுத்து பெரியப்பா. நான் ஸ்டூலை விட்டு இறங்காமல், சரியாகிவிட்ட ஃபேனையே திருகிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் பெரியப்பா என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். வெட்டி முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன்.

"ஒன்னையப் பாத்தாரா?"

"பாத்தாரு."

"பேசுனாரா?"

"இல்லம்மா."

அந்தப் பக்கம் யாரோ பெண்கள் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. அம்மா, சாப்பிட்டாயா என்று கேட்டாள். இனிமேல்தான் என்றேன். அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் நான்கு மணிக்கு.