புதுநன்மையும் டீசல் கரியும்

அந்த டீசல் காரை எனக்குப் பிடிக்காது. நாசமாய்ப் போகட்டும் என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். தாழ்வான உடம்பு, அகலமான டயர், ரத்தச் சிவப்பு. ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து தி. நகர் ஆபீசுக்கு இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து போகிற என் வீட்டுக்காரருக்கு ரேஸ் கார் கேட்கிறது!

"பெட்ரோல் வண்டி சும்மா கத்தும். டீசல் தள்ளும். மிதிச்சவுடனே முதுகுல கை வெச்சுத் தள்ற மாதிரி இருக்கும், பாரு" என்பார். பொய் சொல்லக் கூடாது. கொட்டிவாக்கம் தாண்டி ரோடு காலியாகக் கிடந்த ஒரு நாள் அவர் மிதித்தபோது எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் மனுஷன் எனக்கும் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்.

இந்தக் காலத்து டீசல் காரில் புகையை வடிகட்ட ஒரு ஃபில்டர் இருக்கிறது. ஊருக்குள்ளேயே ஓட்டினால் அதில் கரி அடைத்துக்கொண்டு மஞ்சள் லைட் எரியும். பிறகு நீளமான ரோட்டில் நிறுத்தாமல் ஓட்டி அந்தக் கரியை எரிக்க வேண்டும். பாதியில் விட்டால் மறுபடி முதலிலிருந்து. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மகளும் சர்ச்சில் பூசையில் முட்டி போட்டிருப்போம், அவர் ஈ.சி.ஆரில் கரி எரித்துக்கொண்டிருப்பார்.

மகளின் புதுநன்மை அன்றைக்கும் அந்தச் சனியன் பிடித்த லைட் எரிந்தது. எங்கள் பங்குக் கோயிலில், முதல் முறை நற்கருணை அப்பம் வாங்கும் பிள்ளையை அப்பா ஒரு கையும் அம்மா ஒரு கையும் பிடித்துப் பீடத்துக்குக் கூட்டிப்போவது வழக்கம். அதற்காக மகள் எங்கள் இருவரையும் ஹாலில் நடக்கவிட்டு எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்திருந்தாள். "பூசைக்குள்ள வந்துடுவேன்" என்று விடியற்காலையிலேயே வண்டியைக் கிளப்பினார்.

வெள்ளைக் கவுன்கள் வரிசையில் நின்றபோது போன் செய்தேன். "எங்கங்க இருக்கீங்க?"

"ஒரு தடவை பாதியில நின்னுபோச்சு, இப்பதான் மறுபடி எரிய ஆரம்பிச்சிருக்கு. இப்பத் திரும்பி டிராஃபிக்ல மாட்டினா எல்லாம் வேஸ்ட். இன்னும் கொஞ்ச நேரம்."

"மனுஷனாங்க நீங்க? பொண்ணு நிக்கிறா!"

பக்கத்திலேயே நின்ற மகளுக்கு எல்லாம் கேட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் கவுனை இறுக்கிப் பிடித்துக்கொண்டே பீடம்வரை நடந்தாள். ஆத்திரத்தில் எனக்கு ஜெபமே வரவில்லை.

பூசை முடிந்து வாசலில் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது கார் வந்து நின்றது. இறங்கியவருக்கு முகமெல்லாம் பல். "லைட் அணைஞ்சிடுச்சு!"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் கேட்டாள், "காருக்குச் சரியாயிடுச்சா டாடி?" குரலில் கோபமே இல்லை. உடம்பு சரியில்லாதவர்களை விசாரிக்கிற மாதிரி கேட்டாள்.

"சூப்பரா ஆயிடுச்சு செல்லம். ஏறு, ஒரு ரவுண்டு போலாம்."

அவள் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "மம்மி, நாம ஆட்டோல போலாமா?"